கூலிக்கு ஆசைப்பட்டவள்

ஈரோட்டில் கூலிக்கு ஆசைப்படுகிறவர்கள் அந்த வருடம் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு முறைகூடத் தோற்காதவள் சஷ்டிகா ஒருத்திதான். ஒன்பது வருடத்தில் அடுத்தவர்களுக்காக ஆசைப்பட்டு அவள் வாங்கிக் கொடுத்தவை ஊரில் ஒரு தெருவையே நிரப்பும். அறுபத்தொரு வண்டிகள், பத்தொன்பது வீடுகள், ஒரு கல்யாண மண்டபம், ஒரு தென்னந்தோப்பு, ஒரு விசைப்படகு. ஒரு குதிரையும் உண்டு.

மன ஏலம் வருவதற்கு முன்பு இணைய ஏலங்களில் மனிதர்கள் ஜெயித்ததே கிடையாது. நல்ல பழைய வண்டி ஒன்று ஏலத்துக்கு வந்தால், கண் இமைப்பதற்குள் வியாபாரிகளின் கணினிகள் விலை கேட்டு, ஏற்றி, வாங்கி, மறுநாளே இரண்டு மடங்குக்கு விற்றுவிடும். சனங்கள் கொதித்துப் போன பிறகுதான் புதுச் சட்டம் வந்தது. வீடோ வண்டியோ தோப்போ, எதுவானாலும் விலையை விற்பவரே ஒரே எண்ணாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பணத்தை முன்கூட்டிக் கட்ட முடிந்த யாரும் ஏலத்தில் சேரலாம். அதன் பிறகு கேட்கப்படுவது பணம் அல்ல, ஆசை. மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, திரையில் அந்தப் பொருளைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். நாடியையும் வியர்வையையும் இரத்த ஓட்டத்தையும் படித்து, பட்டை நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண்ணைச் சொல்லும். யாருக்கு மிகவும் வேண்டுமோ, பொருள் அவருக்கு.

சட்டம் வந்த அன்று பேருந்து நிலையத்தில் பட்டாசு வெடித்தார்கள். ஆறே மாதத்தில் தரகர்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். வசதியானவர்களுக்கு எதன் மேலும் அவ்வளவாக ஆசை ஏறுவதில்லை. பட்டை இருபதில் நின்றுவிடும். வேறு சிலருக்கோ ஒரு படத்தைக் காட்டி மூன்று நாள் விட்டால் போதும், உயிரே அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவரைப் பிடித்து, காகிதத்தில் ஒன்றுவிட்ட தங்கை என்று எழுதி, ஏலத்தில் உட்காரவைத்து, ஜெயித்ததும் 'உறவினருக்கு' மாற்றி வாங்கிக்கொண்டால் ஆயிற்று.

சஷ்டிகா அப்படித்தான் நவநீதன் என்ற திருப்பூர் பனியன் முதலாளிக்கு ஏழு முறை ஒன்றுவிட்ட தங்கையாகியிருக்கிறாள். அவரை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

எட்டாவது முறைக்கான அழைப்பு ஒரு புதன்கிழமை காலை வந்தது. பேசியவர் தரகர் ஜெகதீஷ். அறுபது வயது, மூச்சு வாங்காமல் பேசுகிற மனிதர்.

"அம்மிணி, படம் அனுப்பியிருக்கறேன் பாத்தியா? கேரவன். கரூர்ல கட்டுனது. இருபத்துநாலு அடி. அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளயே. வண்டி தானா ஓடும், நீ தூங்கிட்டே போலாம். நம்ம நவநீதன் சாருக்கு. ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஏலம். வழக்கம்போல ஊறப்போட்டுரு."

"சரிங்ணா," என்றாள் சஷ்டிகா. பால் அடுப்பில் இருந்தது. ஒரு கண்ணைப் பாலில் வைத்துக்கொண்டு படங்களைப் புரட்டினாள்.

ஆசையை ஊறப்போடுவது அவள் தொழிலின் சூட்சுமம். முழுப் பொருளையும் ஒரேயடியாக ஊன்றிப் பார்க்க மாட்டாள். முதல் நாள் ஒரு மூலை, இரண்டாம் நாள் இன்னொன்று, மூன்றாம் நாள்தான் எல்லாம். ஏலத்தன்று எண் தொண்ணூறைத் தாண்டும். ஜெயித்து, மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அந்த நொடியில் ஆசையைக் கத்தரித்துவிடுவாள். அதையும் பழகி வைத்திருந்தாள். கத்தரிக்காமல் இருந்தால் இந்தத் தொழிலில் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஏழாவது படத்தில் அவள் கை நின்றது.

கேரவனின் உட்புறம். சின்னப் பாத்திரத் தொட்டி. அதன் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர், டம்ளருக்குள் ஒரு பல் துலக்கும் பிரஷ். வண்டியை விற்பவர் படம் எடுக்கும்போது எடுத்து வைக்க மறந்திருக்கிறார். தொட்டிக்கு மேலே சன்னல். சன்னலுக்கு வெளியே ஏதோ ஒரு மேடு, இரண்டு பனை, அப்பால் தண்ணீர் போல ஒன்று. எந்த ஊர் என்று சொல்ல எந்த அடையாளமும் இல்லை.

பெயர் தெரியாத ஒரு ஊரில், காலை வெயிலில், சன்னலைப் பார்த்துக்கொண்டே பல் துலக்க வேண்டும் என்று சஷ்டிகாவுக்குத் தோன்றியது.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அவள் கவனிக்கவே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நாள் ஊற வேண்டியது மூன்று நிமிடத்தில் வந்து நின்றது. இதை அவள் வரவழைக்கவில்லை. தானாக வந்திருந்தது.

மாலை நான்கு மணிக்கு அவள் கணவன் பரணிதரன் வந்தான். நெடுஞ்சாலையில் வண்டிகள் மின்னேற்றிக்கொள்ளும் கம்பங்களைப் பழுது பார்ப்பது அவன் வேலை. செருப்பைக்கூட அவன் கழற்றவில்லை, அதற்குள் அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு வேணுமுங்க."

பரணி அப்படியே நின்றுவிட்டான். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். முதல் மூன்று வருடத்தில் அவள் கேட்காத பொருள் இல்லை. ஈரோட்டுச் சந்தையில் ஒரு மஞ்சள் புடவைக்காக அவனிடம் ஒரு மணி நேரம் வாதாடியவள்தான். தொழிலுக்குப் போன பிறகு அந்தப் பேச்சே அற்றுப்போனது. ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் ஒரு வாரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு அது பத்து நாளாயிற்று, இருபது நாளாயிற்று. உணவகத்துக்குப் போனால் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கும்போது அவள் கண்ணில் ஒரு திகில் வரும். "நீங்களே சொல்லிருங்க" என்பாள். மருத்துவர் அதற்கு ஆசைத் தேய்வு என்று பெயர் சொன்னார். தொழிலை விட்டுவிடுங்கள் என்றார். விட வேண்டும் என்று விரும்புவதற்குக்கூட அவளிடம் எதுவும் மிச்சம் இல்லை.

"என்ன வேணும் புள்ள? சொல்லு."

அவள் கைபேசியை நீட்டினாள். பேச்சு முண்டியடித்துக்கொண்டு வந்தது. "கூரைக்கு மேல ஏறப் படி இருக்குதுங்க. பக்கவாட்டுல துணிப் பந்தல் விரியும். இந்தக் கட்டில மடக்குனா மேசை ஆயிருமுங்க. எங்கயாச்சும் நிறுத்திக்கலாம். காலைல எந்திரிச்சு, வெளிய போறவங்ககிட்ட இது எந்த ஊருங்கன்னு கேக்கோணும் எனக்கு. யாருக்கும் இல்ல, எனக்கு. நம்ம மனை வாங்க வெச்சிருக்கற பணம் இதுக்குச் சரியா வருமுங்க."

பரணி வண்டியைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மனை எங்க ஓடிப்போகுது," என்றான். "ஏலத்துல பேரைக் குடு."

ஜெகதீஷ் மறுநாள் காலையே நேரில் வந்துவிட்டார். வந்த வேகத்தில் தண்ணீர் கூடக் கேட்கவில்லை.

"உனக்கே வேணுமுன்னா எப்படி? ஏம்மா, மத்த மூணு பேரும் கொடைக்கானல் பங்களா ஏலத்துல மாட்டிக்கிட்டாங்க. அதுவும் அதே ஞாயித்துக்கிழமை. உன்னைய நம்பித்தான நான் நவநீதன் சாருக்கு வாக்குக் குடுத்தேன்!"

"மன்னிச்சுருங்ணா. இந்த ஒண்ணு மட்டும்."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் பரிதாபமாகப் பார்த்தார். பையிலிருந்து பயிற்சிப் பட்டையை எடுத்தார்.

"கையக் குடு."

அவள் படத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் தவித்தது. தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் வரும் என்று நினைத்தாள்.

பட்டையில் நாற்பத்தொன்று என்று வந்தது.

"பட்டை கெட்டுப் போச்சுங்ணா."

"பட்டை நல்லாத்தான் இருக்குது." ஜெகதீஷ் முன்னால் குனிந்து மெதுவாகப் பேசினார். "ஆரம்பத்துல இந்தக் கருவிக்கு பயத்துக்கும் ஆசைக்கும் வித்தியாசம் தெரியாது. ரெண்டுலயும் நெஞ்சு ஒரே மாதிரிதான அடிக்குது? அதனால பயத்தைத் தனியாப் பிரிச்சு, ஆசையில இருந்து கழிக்கற மாதிரி செஞ்சாங்க. அடுத்தவனுக்காக ஆசைப்பட்டப்போ, கெடைக்காமப் போயிருமோன்னு உனக்கு பயமே இருந்ததில்ல. போனா அவனுக்குத்தான போகுது? இப்போ சொந்தமா வேணுங்கறே. பாதி ஆசை, பாதி பயம். நீ எத்தனைக்கு எத்தனை ஆசைப்படறயோ அத்தனைக்கு இறங்கும்."

சமையலறை வாசலில் நின்ற பரணி கேட்டான். "அப்போ நெசமாவே வேணுங்கறவனுக்கு இதுல கெடைக்கவே கெடைக்காதுங்களா?"

"பயப்படாம வேணுங்கறவனுக்குக் கெடைக்கும் மாப்ள. அப்படி எத்தனை பேரு இருக்கறாங்க?" ஜெகதீஷ் எழுந்தார். "வேண்டாம் அம்மிணி. இதுவரைக்கும் நீ தோத்ததில்ல. சாருக்கே உக்காரு, ரெண்டு பங்கு கூலி தர்றேங்கறாரு."

சஷ்டிகா பட்டையைக் கழற்றவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு, "இதை ஞாயித்துக்கிழமை வரைக்கும் எங்கிட்ட விட்டுட்டுப் போங்கண்ணா," என்றாள்.

அன்று பகல் முழுக்கப் படத்தைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள். நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து. எண் இறங்குகிறதே என்ற பயம் எண்ணை இன்னும் இறக்கியது. வெள்ளிக்கிழமை பரணி விடுப்பு எடுத்துக்கொண்டான். அவளுக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தான்.

"தோத்தா என்ன ஆகுமுன்னு பயப்படறே?"

"தெரியலீங்க. நான் தோத்ததே இல்லியே."

"நான் நெறையத் தோத்திருக்கறேன். கேளு." அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தான். "மாவட்டக் கேரம் போட்டி. ஆறு வருசமாத் தொடர்ந்து ரெண்டாம் பரிசு. ஆறு வருசமும் ஒரே ஆளுகிட்ட. பவானி தபால்காரரு. அஞ்சாவது வருசம் அவருக்குக் கையில மாவுக்கட்டு. இடது கையால ஆடி ஜெயிச்சாரு."

சஷ்டிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை ஏங்க எங்கிட்டச் சொன்னதே இல்ல?"

"எப்படிச் சொல்றது? பரிசா ஆறு வருசமும் ஒரே பிளாஸ்டிக் வாளி. நம்ம வீட்டுல இத்தனை வாளி எங்கிருந்து வந்துச்சுன்னு நீ யோசிச்சதே இல்லியா?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. "தோத்துட்டு வந்து என்னங்க பண்ணுவீங்க?"

"பசிக்கும். சாப்பிடுவேன். ரெண்டு நாள் அந்தத் தபால்காரரைத் திட்டுவேன். அப்பறம் மறுபடி ஆடோணும்னு கை அரிக்கும். அவ்வளவுதான் புள்ள, வேற ஒண்ணும் ஆகாது."

சிரித்துக்கொண்டே அவள் பட்டையைப் பார்த்தாள். எழுபத்தெட்டு. இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பக்கத்து வீட்டம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

சனிக்கிழமை முழுக்கப் பரணி தோற்ற கதைகளையே சொன்னான். ஓட்டுநர் உரிமத் தேர்வு, அவளுக்கு முன்னால் பார்க்கப் போன பெண் வீடு, ஒரு பலாப்பழம் தூக்கும் போட்டி. மாலை எண் எண்பத்தாறில் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. கூடத்தில் திரை. அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள், பரணி பின்னால் நின்றான். இருநூற்றுப் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். பெயர்கள் கிடையாது, எண்கள்தான். அவள் எண் ஐம்பத்தெட்டு. மணி அடித்ததும் திரை முழுக்க அந்த வண்டி வந்தது. இளம் பச்சை நிறம். கூரையில் வெயில் தட்டுகள். கதவு மெல்லத் திறந்தது.

ஓரத்தில் பட்டியல் ஓட ஆரம்பித்தது. முதல் நிமிடத்திலேயே நூறு பேர் ஐம்பதுக்குக் கீழே போய்விட்டார்கள். ஐம்பத்தெட்டாம் எண் எண்பத்தேழில் முதலிடத்தில் இருந்தது.

"ஏங்க!"

"பேசாத, வண்டியப் பாரு!"

மூன்றாம் நிமிடத்தில் நூற்று முப்பத்தொன்று என்ற எண் கீழே எங்கிருந்தோ ஏறி வந்தது. அறுபது. எழுபது. எண்பத்திரண்டு. இப்படி ஏறுகிற எண்ணைச் சஷ்டிகா தன் தொழிலில் பார்த்ததே இல்லை. கூலிக்கு ஆசைப்படுகிறவர்கள் தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய் அங்கேயே நிற்பார்கள். இது குழந்தை மாடிப்படி ஏறுவதைப் போலத் தடுக்கித் தடுக்கி ஏறியது.

ஐந்தாம் நிமிடம் இருவரும் சமம். ஆறாம் நிமிடம் அது முந்தியது. சஷ்டிகாவுக்கு வியர்த்தது. பின்னாலிருந்து பரணி மெதுவாக, "மாவுக்கட்டு," என்றான். அவளுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. எண் எகிறியது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. அவள் மறுபடி முதலிடம். திரையில் அந்தச் சின்னத் தொட்டி வந்தது. டம்ளரும் பிரஷும் இன்னும் அங்கேயே இருந்தன. அவள் எதையும் அடக்கவில்லை. வாய்விட்டு, "வேணும், எனக்கு வேணும், எனக்கு வேணும்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பரணிக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒன்பதாம் நிமிடம் முடிந்தபோது அவள் தொண்ணூற்று நான்கில் முன்னணியில் இருந்தாள். கிடைத்துவிடும் என்று நினைத்தாள். கிடைத்துவிட்டது என்றே நினைத்தாள். உடனே, இப்போது போய்விட்டால் என்ற ஒரு துளி நெஞ்சுக்குள் விழுந்தது. ஒரே துளிதான். கடைசி இருபது நொடியில் எண் கடகடவென்று இறங்கியது.

மணி அடித்தது. நூற்று முப்பத்தொன்று: தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு. ஐம்பத்தெட்டு: தொண்ணூறு புள்ளி ஒன்பது.

வண்டி திரையிலிருந்து மறைந்தது. பரணி குனிந்து அவள் கையிலிருந்து பட்டையைக் கழற்றினான். அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

அவனுக்குத்தான் பயம் பிடித்தது. ஜெயித்தபோதெல்லாம் இருபது நாள் சுவரைப் பார்த்தவள். தோற்றதற்கு எத்தனை நாளோ? அன்று முழுக்க நொடிக்கொரு தரம் எட்டிப் பார்த்தான். அவள் அழுதாள், தூங்கினாள், எழுந்து மறுபடி அழுதாள்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவள் அவனை உலுக்கி எழுப்பினாள்.

"ஏங்க! எந்திரிங்க! போகலீங்க!"

"என்ன போகல?"

"ஆசைங்க! இன்னும் அப்படியே இருக்குது! கண்ணு முழிச்சதும் அந்த வண்டிதான் ஞாபகம் வந்துச்சு. இத்தனை வருசத்துல ஒரு நாள்கூட இப்படி மறுநாளைக்கு மிஞ்சுனதில்லீங்க."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். "ஜெயிச்சு, கையெழுத்துப் போட்டு, நானே வெட்டிருவேன். ஒவ்வொரு தடவையும் வெட்டி வெட்டி அதோட சேந்து மத்ததும் போயிருச்சு. இந்தத் தடவை கையெழுத்து இல்ல, வெட்டல. அது பாட்டுக்கு உள்ள கெடக்குது. எனக்குப் பசிக்குதுங்க. ஆப்பம் வேணும். தேங்காப்பால் போட்டு. அப்பறம் இந்தத் திரைச்சீலை எனக்குப் புடிக்கவே இல்ல, யாரு வாங்குனது இதை?"

"நான்தான்," என்றான் பரணி. "கழட்டிரலாம் புள்ள. இப்பவே கழட்டிரலாம்."

செவ்வாய்க்கிழமை பகல் ஜெகதீஷ் வந்தார். நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டம், பெரிய இடம், பெரிய கூலி என்றார். சஷ்டிகா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் விடவில்லை. "ஒரே ஒரு தடவை கட்டிப் பாரு" என்று பட்டையை மாட்டிவிட்டார்.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. அவள் நேர்மையாகத்தான் பார்த்தாள். பட்டையில் ஆறு என்று வந்தது.

ஜெகதீஷ் பட்டையைத் தட்டிப் பார்த்தார். தன் கையில் கட்டிப் பார்த்தார். மறுபடி அவள் கையில் கட்டினார். ஐந்து.

"உள்ள இடமில்லீங்ணா," என்றாள் சஷ்டிகா. அதைச் சொல்லும்போது அவளுக்கே ஒரு நொடி திக்கென்றது. ஒன்பது வருடச் சோறு அது. "வேற ஒண்ணு வந்து உக்காந்துக்கிச்சு. இனி வாடகைக்கு விட முடியாதுன்னு நெனைக்கறேன்."

"நீயும் போயிட்டயா?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்க அந்த நவநீதன் சாரு போயிட்டாரு, இங்க நீ. ரெண்டு பேருஞ் சேந்து என்ற பொழப்பைக் கெடுத்துட்டீங்க."

"அவருக்கு என்ன?"

"நூத்தி முப்பத்தொண்ணு யாருன்னு நெனைச்சே? அவருதான்!"

சஷ்டிகாவும் பரணியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஆளு யாரும் கெடைக்கலைன்னு சொன்னேன். சும்மா உக்காந்து பாக்கறேன், காசா பணமான்னு அவரே பட்டையக் கட்டிக்கிட்டாரு. அறுபத்துமூணு வயசு. இருபது வருசமா வேணுங்கறதுக்கெல்லாம் ஆளு வெச்சே பழகுன மனுசன். மொதல்ல பன்னெண்டு காட்டுச்சாம். அப்பறம் பாத்துக்கிட்டே இருந்தவருக்கு மூணாவது நிமிசத்துல என்னமோ ஆயிப்போச்சாம். நேத்தே வண்டியை எடுத்துக்கிட்டுத் தனியாக் கெளம்பிட்டாரு. இனி எனக்கு ஆளு வேண்டாம் ஜெகதீஷுங்கறாரு."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அவர் கைபேசி அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு, "உங்கிட்டப் பேசோணுமாம்," என்று ஒலிபெருக்கியில் போட்டு அவளிடம் நீட்டினார்.

"தங்கச்சிங்களா?" என்றது ஒரு கரகரத்த குரல். பின்னால் காற்றின் இரைச்சல். "நான் நவநீதன். உங்களுக்கு இந்த வண்டி அக்குவேறு ஆணிவேறாத் தெரியும்னு ஜெகதீஷ் சொன்னாரு. கோவிச்சுக்காதீங்க, ஒரு ஒத்தாசை. காலைல இருந்து தொட்டியில தண்ணி வரமாட்டேங்குது. பாத்திரம் அப்படியே கெடக்குது. நானே சமைச்சேனுங்க! தக்காளிச் சோறு!"

சஷ்டிகா ஒரு கணம் கண்ணை மூடினாள். ஏலப் பக்கத்தில் போட்டிருந்த வரைபடம் வரிக்கு வரி மனதில் இருந்தது. "அடுப்புக்குக் கீழ சின்னக் கதவு இருக்கும் பாருங்க. தொறங்க. நீல ஸ்விட்சு. அதை அமுக்கிட்டுப் பத்து எண்ணுங்க. தண்ணி எடுக்கற மோட்டாரு அதுதான்."

அந்தப் பக்கம் எண்ணுகிற சத்தம் கேட்டது. பிறகு சர்ரென்று தண்ணீர். பிறகு அறுபத்துமூன்று வயது மனிதர் ஒருவர் குதித்த சத்தம்.

"வந்துருச்சு! வந்துருச்சு தங்கச்சி!"

அவளுக்குச் சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது. ஒன்றைக் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. "போன வருசம் உங்களுக்கு ஒரு விசைப்படகு வாங்கிக் குடுத்தேனே, வெள்ளைப் படகு. அது எப்படீங்க ஓடுது?"

அவர் தணிந்த குரலில், "அதுவா?" என்றார். "தார்ப்பாயைப் பிரிக்கவே இல்லீங்க. நீங்க வாங்கிக் குடுத்த ஏழும் அப்படித்தான் கெடக்குது. ஒண்ணைக்கூட நான் தொறந்து பாத்ததில்ல. உங்ககிட்டப் பொய் சொல்ல வரல."

அந்தப் படகுக்காக மூன்று நாள் சோறு இறங்காமல் தவித்தது சஷ்டிகாவுக்கு நினைவு வந்தது. "வெச்சர்றேன் தங்கச்சி, பாத்திரம் கழுவோணும்," என்று அவர் வைத்துவிட்டார்.

ஜெகதீஷ் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, தனக்குத்தானே எதையோ சொல்லியபடி படியிறங்கிப் போனார். பரணி கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான். சஷ்டிகா கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது.

"கோவமா வருதா புள்ள?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். சரியான சொல்லைத் தேடுகிறவள் போல உதட்டைக் கடித்தாள். கிடைத்ததும் கண் விரிந்தது.

"பொறாமையா இருக்குதுங்க," என்றாள். "எத்தனை பேருக்கு வாங்கிக் குடுத்திருப்பேன்! ஒருத்தர் மேலயும் வந்ததில்ல. அந்தாளு அங்க உக்காந்து தக்காளிச் சோறு திங்கறாரு, எனக்கு இங்க அப்படியே பத்திக்கிட்டு எரியுது!"

சொல்லிவிட்டு அவள் வாய்கொள்ளாமல் சிரித்தாள்.